படிவத்தில் ‘பால்’ என்று போடுவதா, ‘பாலினம்’ என்று போடுவதா?

கீழ்வாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் படிவத்தைத் தமிழில் போட்டுத் தரச் சொன்னார்கள். இரண்டே பக்கம். பெயர், வயது, முகவரி எல்லாம் ஓடிவிட்டது. நான்காவது வரியில் ‘செக்ஸ்’, ஐந்தாவது வரியில் ‘ஜெண்டர்’ என்று தனித்தனிக் கட்டம். முதலாவதற்குப் பால், அடுத்ததற்குப் பாலினம் என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த தாளில் ‘பால்’ என்பதைச் சிவப்பில் அடித்துவிட்டு அங்கேயும் பாலினம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு வரியில் ஒரே கேள்வி! கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதானே மேடம், ஒரே வார்த்தையா இருந்தா ஜனங்க குழம்ப மாட்டாங்க” என்கிறார் பொறுப்பாளர்.

ஒன்றையே இரண்டு தரம் கேட்டால்தான் குழம்புவார்கள் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அவருக்கு உறைக்கிற மாதிரி வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரசுப் படிவங்களிலும் பெரும்பாலும் ‘பாலினம்’ என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது. யாராவது கைகொடுங்கள்.

டீக்கடைபெஞ்சு

வெறும் ‘பால்’ என்று அச்சடித்தால் எங்கள் ஊரில் “காலையில் அரை லிட்டர்” என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

ஓலைச்சுவடி

அம்மா, பால் என்பதற்குப் பகுப்பு என்பதுதான் அடிப்பொருள். அறத்துப்பால், பொருட்பாலில் வருவதும் இதே பால்தான். அங்கே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இலக்கணத்தில் ஐந்து பால் சொல்கிறோம். ஆண்பால், பெண்பால் போக மற்ற மூன்றும் ஒன்றா பலவா என்ற எண்ணிக்கையைப் பார்ப்பவை. அதனால் ‘பால் என்றால் உடம்பு, பாலினம் என்றால் சமூகம்’ என்பது நாம் இன்றைக்கு ஒரு தேவைக்காகப் போட்டுக்கொள்கிற வரப்பு. போடலாம், தப்பில்லை. தொன்றுதொட்டு இருந்தது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன், 31 வருடம் வகுப்பெடுத்த வாய். வடமொழியில் மனைவிக்குள்ள சொற்களில் பார்யா பெண்பால். நாம் தாரம் என்று வாங்கிக்கொண்ட சொல் அங்கே ஆண்பால், அதுவும் பன்மை. களத்திரம் இரண்டிலும் சேராதது. வீட்டில் இருப்பது ஒரே அம்மாள்தான், சொல்லுக்குச் சொல் பால் மாறும். தமிழ் அப்படியில்லை, ஆளைப் பார்த்துத்தான் விகுதி போடும். சரி, ஆளைப் பார்த்தும் தீர்மானமாகாத இடத்தில்? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறார். ஆண்மை திரிந்த பெயருக்கென்று தனியாக ஈறு கிடையாது, உயர்திணையின் ஈறுகளையே கொள்ளும் என்கிறார். பேடி வந்தாள் என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். நன்னூலார் இன்னும் ஓரடி முன்னே போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால். ‘அவாவுதல்’ என்று போட்டாரே, அதை யோசித்துப் பாருங்கள். உடம்பைச் சோதித்துப் பார் என்று அவர் சொல்லவில்லை.

வேப்பமரம்

ஐயா, வணக்கம். அந்த நன்னூல் நூற்பாவின் கடைசி அடியையும் சொல்லியிருக்கலாம். இருவரும் அஃறிணை போலவும் வருவர் என்று இருக்கிறதே.

நான் திருநம்பி. பத்தாம் வகுப்பில் இரட்டைச் சடையோடு உட்கார்ந்து இந்த இலக்கணத்தைப் படித்தவன். ‘அது வருது பாரு’ என்று பின்பெஞ்சிலிருந்து வந்த குரலுக்கு நன்னூல் ஆதாரம் இருப்பது அன்றைக்கே தெரியும்.

ஓலைச்சுவடி

உண்மைதான் தம்பி. இனித்த பாதியை மட்டும் எடுத்து நீட்டிவிட்டேன். அது வினைமுடிபுக்காகச் சொன்ன விதி. அதைப் பிடித்து இழுத்து உரிமைச் சாசனம் ஆக்குவதும் சரிப்படாதுதான்.

நேர்பட

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண். எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். ஆணாக உணர்கிறேன், பெண்ணாக உணர்கிறேன் என்பதெல்லாம் அவரவர் மனசு. யாரையும் நான் பழிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படிவத்தில் மனசுக்கு எதற்குக் கட்டம்? ‘ஜெண்டர்’ என்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துச் சரக்கு. ஒரே கட்டம், ஒரே கேள்வி, பால். முடிந்தது.

விலங்கியல்மேடம்

நேர்பட அவர்களே, நீங்கள் சொன்னது பெரும்பாலான ஆட்களுக்குச் சரி. நானும் அப்படித்தான் வகுப்பில் தொடங்குவேன். ஆனால் குரோமோசோமிலிருந்து ஆள் வரைக்கும் ஒரே தாவலாகத் தாவ முடியாது, நடுவில் படிகள் இருக்கின்றன.

கருவில் சுமார் ஆறு வாரம் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். விரையாகவும் சூலகமாகவும் மாறக்கூடிய ஒரே திசு. ஆண் குழாய், பெண் குழாய் இரண்டு ஜோடியும் எல்லாக் கருவிலும் உண்டு. ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்று ஒரு ஜீன், 1990-ல் கண்டுபிடித்தார்கள். அது வேலை செய்தால் அந்தத் திசு விரையாகும். விரை ஒரு ஹார்மோனைச் சுரந்து பெண் குழாயை அழிக்கும், டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து ஆண் குழாயை வளர்க்கும். அந்த டெஸ்டோஸ்டிரோன் இன்னொரு வடிவத்துக்கு மாறினால்தான் வெளியுறுப்பு ஆணுறுப்பாக உருவாகும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அறுபடலாம். எஸ்ஆர்ஒய் ஜீன் இடம்மாறி எக்ஸ் மேல் ஒட்டிக்கொண்டால் எக்ஸ்எக்ஸ் ஆண் பிறப்பார். ஹார்மோன் ஏராளமாகச் சுரந்தும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி வேலை செய்யாவிட்டால் எக்ஸ்ஒய் உள்ளவர் வெளித்தோற்றத்தில் முழுக்கப் பெண்ணுடலோடு வளர்வார்.

உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இனச்செல் இரண்டே வகைதான், விந்தணு, கருமுட்டை. மூன்றாவது வகை கிடையாது. ‘பாலே ஒரு கற்பனை’ என்று யாராவது சொன்னால் நான் உங்களோடு சேர்ந்து சண்டை போடுவேன்.

செவிலிஅக்கா

மேடம் கடைசியாகச் சொன்னாரே, ஏற்பி வேலை செய்யாதது. அப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். ஊர், வருடம் எல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன்.

பதினேழு வயது. நல்ல உயரம், லட்சணமான பிள்ளை. வயதுக்கு வரவில்லை என்று அம்மாவும் ஆத்தாவும் கூட்டிவந்தார்கள். ஆத்தா கையில் ஒரு மஞ்சப்பை. அதில் இருந்தது ஸ்கேன் ரிப்போர்ட் என்று நினைத்து வாங்கப் போனேன், இல்லை, பட்டுப்பாவாடை. தாய்மாமன் சடங்குக்கென்று மூன்று வருடம் முன்னாடியே எடுத்துக் கொடுத்துவிட்டாராம். வீட்டில் வைத்தால் ராசியில்லை என்று எவரோ சொன்னதில் அந்தம்மாள் அதைக் கோயில் கோயிலாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

ஸ்கேனில் கர்ப்பப்பை இல்லை. ரத்தம் பெரிய ஊருக்குப் போய் வந்தது, எக்ஸ்ஒய். வயிற்றுக்குள் விரை. டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: “அப்ப எம்புள்ள ஆம்பளையா?” டாக்டர், “இல்லம்மா, உங்க பொண்ணு பொண்ணுதான். குழந்தை பெத்துக்க முடியாது, அவ்வளவுதான்” என்றார். வெளியே பெஞ்சில் அந்தப் பிள்ளை ஆத்தாளுக்குப் பேன் பார்த்துக்கொண்டு இருந்தது.

நேர்பட தம்பி, உங்கள் கணக்குப்படி அது ஆண். அதை ஆண் வார்டுக்கு அனுப்புவீர்களா?

நேர்பட

அனுப்ப மாட்டேன் அக்கா. ஆனால் இது லட்சத்தில் ஒன்று. விதிவிலக்கை வைத்து விதியை மாற்றுவது நியாயமா? அதோடு, இது உடம்புக் குறைபாடு. திருநர் விஷயம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

விலங்கியல்மேடம்

கட்டக்கூடாது, சரியாகச் சொன்னீர்கள். ஊடுபால் என்பது, செவிலிஅக்கா சொன்ன பெண்ணைப் போல, ஆண் பெண் என்ற வழக்கத்துக்குள் அடங்காத உடம்பின் அமைப்பு. திருநர் என்பது தன்னைத் தான் உணர்வது. பெரும்பாலான திருநர்களுக்குக் குரோமோசோமும் உறுப்பும் வழக்கமானவைதான். நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே பெரிய தொல்லை. 2019-ல் வந்த மத்தியச் சட்டத்தின் வரையறையே இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் அடைத்தது.

ஊடுபால் ஆட்களின் எண்ணிக்கையில் பெரிய தகராறு உண்டு. அமெரிக்க உயிரியலாளர் ஃபாஸ்டோ-ஸ்டெர்லிங்கின் குழு 2000-ல் 1.7 சதவீதம் என்றது. லியோனார்ட் சாக்ஸ் என்ற மருத்துவர் 2002-ல் மறுத்து 0.018 சதவீதம் என்றார். எதை எல்லாம் சேர்க்கிறோம் என்பதில்தான் இந்த நூறு மடங்கு வித்தியாசம். பிறக்கும்போது உடம்பில் எந்தக் குழப்பமும் காட்டாத ஒரு அட்ரினல் சுரப்பிக் கோளாறு முதல் கணக்கில் பெரும்பங்கு. எனக்கு அது கொஞ்சம் ஊதிய கணக்காகத்தான் தெரிகிறது. சரி, சின்ன எண்ணையே எடுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7.21 கோடி. அதில் 0.018 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 13,000 பேர். ஒரு பேரூராட்சி.

நான்காவதுலேன்

இந்த இழையில் ஓட்டக்காரி சாந்தி சௌந்தரராஜனின் பெயர் இன்னும் வராதது ஆச்சரியம். புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி. செங்கல்சூளைக் கூலிகள் வீட்டுப் பெண். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி, 2 நிமிடம் 3.16 விநாடி. பாலினச் சோதனை என்று கூட்டிப் போனார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். அதை அவர் வீட்டுக்கு வந்து, டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றைய முதல்வர் கலைஞர் 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார் சாந்தி. அப்புறம் சில வருடத்தில் அவரே சூளைக்குத் திரும்பவேண்டி வந்தது. பிறகுதான் பயிற்சியாளர் வேலை.

கவனியுங்கள், ‘பாலினச் சோதனை’ என்றுதான் எல்லாப் பத்திரிகையும் எழுதியது. சோதித்தது பாலை. பறிபோனது அவர் இருபத்தைந்து வருடம் பெண்ணாக வாழ்ந்த வாழ்க்கை. கீழ்வாசல் அக்கா கேட்கிற சொற்குழப்பம் ஒரு ஆளை எப்படி மிதித்தது என்று பாருங்கள்.

நான் மாவட்ட அளவில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தருகிறவன். பெண்கள் பிரிவு தனியாக இருந்தே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 800 மீட்டரில் ஆண்கள் உலகச் சாதனை 1:40.91, பெண்களுடையது 1:53.28. பன்னிரண்டு சதவீதம் இடைவெளி. எங்கள் ப்ளஸ் டூ பையன்கள் ஓடுகிற நேரத்தைப் பார்த்தாலே புரியும், பருவம் வந்த பிறகு டெஸ்டோஸ்டிரோன் செய்கிற வேலை அது. பிரிவைப் பாலை வைத்துப் பிரித்தது சரி. கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலிருந்து இன்றுவரை தடுமாறுகிறார்கள். 1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்து எட்டுப் பேருக்கு ஒய் அடையாளம் வந்தது, எட்டுப் பேரையும் ஓடவிட்டார்கள். 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சோதனையையே கைவிட்டது. அப்புறம் டெஸ்டோஸ்டிரோன் அளவு. நம் நாட்டு ஓட்டக்காரி தூத்தி சந்த் போட்ட வழக்கில் 2015-ல் அதை நிறுத்திவைத்தார்கள். வேறு அளவோடு திரும்ப வந்தது. இப்போது 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளத்தில் பெண்கள் எல்லாரும் எஸ்ஆர்ஒய் சோதனைக்கு வர வேண்டும். அந்த ஜீனைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே இது சரிவராது என்று எழுதினார். ஜீன் இருப்பது ஒன்று, அது உடம்பில் வேலை செய்ததா என்பது வேறொன்று என்பது அவர் வாதம்.

நேர்பட

சாந்திக்கு நடந்தது கொடுமை. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ‘ஜெண்டர்’ என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் உளவியலாளர் ஜான் மணி, 1955. அவர் செய்ததைப் படித்திருக்கிறீர்களா? கனடாவில் எட்டு மாத ஆண் குழந்தைக்குச் சுன்னத்து செய்யும்போது உறுப்பு கருகிவிட்டது. இவர் பெற்றோரிடம், பெண்ணாக வளருங்கள், வளர்ப்புதான் எல்லாம் என்றார். அறுவைசிகிச்சை, கவுன், பெண் பெயர் எல்லாம் நடந்தது. வெற்றி என்று உலகத்துக்கு அறிவித்தார். அந்தப் பிள்ளையோ கவுனைக் கிழித்துக்கொண்டு திரிந்தது. 14 வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாகவே வாழ்ந்தார், டேவிட் ரெய்மர் என்று பெயர். 2004-ல் தற்கொலை. வளர்ப்பால் பாலினத்தை மாற்ற முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வேப்பமரம்

வேறு சாட்சியே வேண்டாம். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

ஊரே பெண் என்றது, உடுப்பு பெண்ணுடையது, கண்ணாடியில் தெரிந்த உடம்பும் அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஆணுடையது இல்லை. ஆனாலும் உள்ளே இருந்தது ‘நான் பையன்’ என்றது. பதினான்கு வருடம் யார் என்ன சொல்லியும் அது அடங்கவில்லை. என் வீட்டிலும் சடை பின்னினார்கள், சடங்கு சுற்றினார்கள், மாமன் மகனுக்குப் பேசினார்கள். எனக்குள் இருந்ததும் அடங்கவில்லை. ரெய்மரின் உள்ளுணர்வை நம்புகிறீர்கள், என்னுடையதை மட்டும் ‘மனசு’ என்று ஒதுக்குகிறீர்கள். அவர் குரோமோசோம் அவர் பக்கம் இருந்தது, என்னுடையது என் பக்கம் இல்லை, அவ்வளவுதானே வித்தியாசம்?

மணி செய்த தப்பு ‘ஜெண்டர்’ என்று ஒரு சொல்லைப் பயன்படுத்தியதில்லை. வெளியிலிருந்து ஊட்டினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நினைத்தார் பாருங்கள், அதுதான்.

நேர்பட

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. யோசிக்கிறேன்.

டீக்கடைபெஞ்சு

கனமாகப் போகிறது, நான் கொஞ்சம் காற்று வாங்குகிறேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா படம் கூடத்தில் தொங்குகிறது. காதில் கடுக்கன், பின்னால் குடுமி, நெற்றியில் பொட்டு. நாலு ஊர் பஞ்சாயத்து பண்ணின மனுஷன், ஆம்பளை என்றால் அவர்தான் ஆம்பளை. போன வருடம் என் மச்சான் பையன் தோடு போட்டுக்கொண்டு, முடி வளர்த்துக் கொண்டை போட்டுக்கொண்டு வந்தான். “பொம்பளை மாதிரி என்னடா இது” என்று அவனை அந்தப் படத்துக்குக் கீழேயே நிற்கவைத்துத் திட்டினார்கள். நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் சமையல். வீட்டில் அடுப்பு பொம்பளை வேலை. அதே சாம்பாரை ஆயிரம் பேருக்கு வைத்தால் எங்கள் பக்கம் அவர் தவசுப்பிள்ளை. மீசை வைத்த ஆள், தோளில் துண்டு, முன்பணம் கொடுத்தால்தான் அடுப்புப் பற்றவைப்பார். பெண்கள் அங்கே காய் நறுக்குவார்கள். இது எந்தக் குரோமோசோமில் இருக்கிறது மேடம்?

விலங்கியல்மேடம்

தேடிக்கொண்டிருக்கிறோம் சார்.

நெறியாளர்

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். திருநர்களைப் பற்றிய பழைய வசைச்சொற்களை ‘நகைச்சுவை’ என்று இங்கே கொண்டுவர வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

நேர்பட

விட்ட இடத்துக்கு வருகிறேன். சாம்பார் யார் வைப்பது என்பது சமூகம் போட்ட கோடு, ஒப்புக்கொள்கிறேன். என் பயம் வேறு. எல்லாப் படிவத்திலும் பால் என்பதை எடுத்துவிட்டு ‘உங்களை நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்’ என்று மட்டும் கேட்க ஆரம்பித்தால், பெண் பிள்ளைகளின் கணக்கை எதை வைத்து எடுப்பீர்கள்? எங்கள் பக்கம் உசிலம்பட்டி. கள்ளிப்பால் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது எதற்கு? 1994-ல் ஸ்கேன் பார்த்துச் சொல்லக்கூடாது என்று சட்டம் வந்தது எதற்கு? 2011-ல்கூடத் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைக்குப் பெண் குழந்தை 943. கருவிலேயே போன பிள்ளையிடம் யாரும் ‘நீ எப்படி உணர்கிறாய்’ என்று கேட்கவில்லை. உடம்பைப் பார்த்தார்கள், தீர்த்தார்கள்.

கீழ்வாசல்

நேர்பட, நீங்கள் எழுதியதை மூன்று தரம் படித்தேன். எனக்கு வராமலிருந்த வாய் இப்போதுதான் வந்தது. நன்றி.

நேற்று அந்த மருத்துவமனைக்கு நேரிலேயே போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே போர்டு மாட்டியிருக்கிறது, எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருப்பதுதான்: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்று. பொறுப்பாளரை அதன் முன்னால் கூட்டிப்போய்க் கேட்டேன். “சார், அந்த மெஷினில் என்ன தெரியும்?”

“ஆணா பொண்ணான்னு தெரியும்.”

“மாப்பிள்ளைக்கு இருபது பவுன் போட வேண்டும், சீர் செய்ய வேண்டும், வயலைப் பங்கு கேட்பாளோ, கொள்ளி வைக்க வரமாட்டாளே, இதெல்லாம் மெஷினில் தெரியுமா?”

சிரித்தார். “அது எப்படித் தெரியும் மேடம்? அது நாமளா வச்சிருக்கறது.”

“மெஷினில் தெரிவது பால். நாமளா வைத்திருப்பது பாலினம். அந்தப் பிள்ளையை அழிப்பது முதலாவதைப் பார்த்து, இரண்டாவதற்குப் பயந்து.”

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று அப்புறம் சொன்னார். நான்காவது வரிக்கு வேறு சொல் போட ஒத்துக்கொண்டார். ஆனால் ஐந்தாவது வரியை எடுத்துவிடலாமே என்கிறார்: “ஆஸ்பத்திரிக்கு உடம்பு தெரிஞ்சா போதாதா?” இதற்கு என்ன பதில் சொல்வது?

ரத்தப்பரிசோதகன்

போதாது அக்கா. நான் கோவையில் ஒரு லேபில் இருக்கிறேன். சொல்கிறேன்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரே கட்டம், ஆண் அல்லது பெண். அதை வைத்துத்தான் ரிப்போர்ட்டில் ‘இயல்பு அளவு’ அச்சாகும். ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12-லிருந்து, ஆணுக்கு 13-லிருந்து. சிறுநீரகக் கணக்கிலும் ஆண் பெண் வேறு. ஒருநாள் தாடி வைத்த ஒருவர் ரத்தம் கொடுக்க வந்தார், ஆதாரில் பழைய பெயர். முன்னால் இருந்த பெண் ஹால் முழுக்கக் கேட்க அந்தப் பெண் பெயரைக் கத்திக் கூப்பிட்டாள். நாற்பது தலை திரும்பியது. அவர் எழுந்து வந்தார், கையை நீட்டினார், நரம்பே கிடைக்கவில்லை. அவ்வளவு இறுகிப்போயிருந்தது கை.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 16.1. பெண் என்று பதிந்ததால் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று வந்தது. அவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர்; அந்த ஊசி ஹீமோகுளோபினை ஆண் அளவுக்கு ஏற்றும். அவருக்கு அது இயல்பு. டாக்டருக்கு அது தெரியாததால் ஒரு வாரம் தேவையில்லாத டெஸ்ட்டுகள். சரி, ஆண் என்றே பதிந்திருந்தால்? அவருக்குக் கர்ப்பப்பை வாய் இன்னும் இருக்கிறது. புற்றுநோய்ச் சோதனைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். அதே மாதிரி ஒரு திருநங்கைக்கு வயதான காலத்தில் புரோஸ்டேட் தொல்லை வரலாம். ‘பெண்’ என்ற கட்டத்தைப் பார்க்கிற டாக்டருக்கு அந்த யோசனையே வராது.

ஆக, மருந்து கொடுக்கப் பால் வேண்டும், என்ன ஹார்மோன் எடுக்கிறார் என்பதும் வேண்டும். கூப்பிடப் பாலினம் வேண்டும். எந்த வார்டில் படுக்கவைப்பது என்பதற்கும் அதுதான். உங்கள் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்: முதல் கட்டம் டாக்டருக்கு, இரண்டாவது கட்டம் வாசலில் டோக்கன் போடுகிறவருக்கு.

வேப்பமரம்

கை இறுகும். ஆமாம்.

குமாஸ்தாமாமா

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2014 ஏப்ரல் 15, நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) திருநர்களுக்காகப் போட்ட வழக்கு. உடற்கூறுச் சோதனையை விட்டுவிட்டு, ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதையே கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1970-ல் இங்கிலாந்தில் வந்த கார்பெட் தீர்ப்பு பிறப்பு உடம்புதான் எல்லாம் என்றிருந்தது, அதை இங்கே ஏற்கவில்லை. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றார். அதே தீர்ப்பில், ஊடுபாலாகப் பிறந்த சிசுக்களுக்கு ஆணாகவோ பெண்ணாகவோ ‘சரிசெய்யும்’ அறுவைசிகிச்சைக்குத் தடை. அந்த ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையும் போட்டது, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர. இந்தியாவில் முதலில் இங்கேதான்.

இதற்கு நேரெதிராக, 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அவர்களுடைய 2010 சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்றால் பிறப்பால் பெண் என்றது. நேர்பட தம்பிக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்தச் சட்டத்தில் அந்தச் சொல் எதற்காக வந்திருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்துத்தான் அங்கே போனார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கீழ்வாசல்

எல்லாருக்கும் நன்றி. வரைவு போட்டுவிட்டேன், குறை சொல்லுங்கள்.

வரி 4: பிறப்புப் பால்: ஆண் / பெண் / ஊடுபால்
வரி 5: பாலினம் (உங்களை எப்படி அழைக்க வேண்டும்): ஆண் / பெண் / திருநங்கை / திருநம்பி / வேறு / சொல்ல விருப்பமில்லை
வரி 6: ஹார்மோன் மருந்து எடுக்கிறீர்களா?

செவிலிஅக்கா

‘பிறப்புப் பால்’ என்றால் எங்கள் பிரசவ வார்டில் சீம்பாலைக் கேட்கிறார்கள் என்று நினைப்பார்கள் கண்ணு.

டீக்கடைபெஞ்சு

நான் முதல் பதிவிலேயே எச்சரித்தேன்.

ஓலைச்சுவடி

‘பிறந்தபோது பதிவான பால்’ என்று நீட்டிவிடுங்கள் அம்மா. ‘பதிவான’ என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் மாடு வராது.

வேப்பமரம்

வரி 5-இல் ‘ஆண்’, ‘திருநம்பி’ இரண்டும் தனித்தனியாக இருக்கிறதே, நான் எதை அடிப்பது? நான்காவது வரியில் ‘பெண்’ என்று அடித்துவிட்டேன், டாக்டருக்கு அது போதும். ஐந்தாவதில் ஆண் என்று அடித்துவிட்டு உட்காரவே ஆசை. விருப்பம் இருக்கிறவர்கள் திருநம்பி என்று அடிக்கட்டும், இரண்டும் இருக்கட்டும். ஆனால் ஒன்றுக்கு மேல் அடிக்கலாம் என்று ஒரு வரி போடுங்கள்.

நேர்பட

நான்காவது வரி இருக்கும்வரை எனக்கு ஐந்தாவதில் ஆட்சேபணை இல்லை. மூன்றாவது பக்கம் ஒன்று இருந்தால் அதில் என்ன கேட்கிறார்கள் என்பதையும் போடுங்கள், பார்ப்போம்.

கீழ்வாசல்

மாற்றிவிட்டேன். மூன்றாவது பக்கம் இல்லை, ஆனால் ஏழாவது வரி இருக்கிறது. ‘தந்தை / கணவர் பெயர்’ என்று கேட்கிறார்கள். நேற்றுத் தட்டச்சு செய்தபோது கண்ணில் படவே இல்லை. என் ஐம்பத்து மூன்று வயது வரை எத்தனை படிவத்தில் அந்த வரியை நிரப்பியிருக்கிறேன்! அம்மா பெயருக்குக் கட்டமே இல்லை. பொறுப்பாளருக்கு இப்போதுதான் போன் போட்டேன், எடுக்கவில்லை. நாளைக்குக் காலையில் நேரில் போகிறேன்.